கம்பமெட்டு ஜீப்பில் அணையைப் பற்றிப் பேசலாமா?

விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் கம்பத்துத் தெருக்களில் ஜீப் ஹாரன் கேட்க ஆரம்பித்துவிடும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்குப் போர்த்திக்கொள்ள மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு, கம்பமெட்டு ஏறிக் கேரளத்துக்குப் போவார்கள். போடிக்காரர்களுக்குப் போடிமெட்டு, கூடலூர்க்காரர்களுக்குக் குமுளி. இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். என் சித்தி முப்பது வருஷம் இப்படிப் போய் வந்தவர். சம்பளம் அந்த மாநிலத்தில், அடுப்பு இந்த மாநிலத்தில்.

2011 டிசம்பரில் அந்த ஹாரன் நின்றுபோனது. முல்லைப்பெரியாறு அணை விவகாரம் முற்றிக் குமுளியில் கைகலப்பானது. மேலே தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். பல நூறு பேர் பிள்ளைகுட்டிகளோடு காட்டுவழியாக இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் வாகனங்களும் அடிபட்டன. ஆயிரக்கணக்கானோர் கம்பத்திலிருந்து குமுளியை நோக்கி நடந்தார்கள், போலீஸ் தடுத்தது. சபரிமலை சீசன் வேறு. மாலை போட்டவர்கள் வந்த வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள்.

எனக்கு அந்த நாட்களில் மறக்காமல் இருப்பது இந்தக் கலவரக் காட்சிகள் அல்ல, சித்தியின் வாயில் மாறிய ஒரு சொல். அதுவரை அவருக்குத் தோட்டக்காரர் "நம்ம மொதலாளி". மகளின் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவர், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புகிறவர். ஒரே வாரத்தில் அவர் "அந்த மலையாளத்தான்" ஆகிவிட்டார். மேலே அந்த வீட்டில் "சேச்சி"யாக இருந்த என் சித்தி என்னவாக ஆகியிருப்பார் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. தமிழரை இளக்காரமாகச் சொல்லும் "பாண்டி" என்ற சொல் அங்கே எப்போதும் கைவசம் இருப்பதுதான்.

இன்று நாடு முழுக்க, உலகம் முழுக்க, அரசியல் பிளவு, துருவப்படுதல் என்று பேசுகிறோமே, அது என்ன என்பதை நான் விளங்கிக்கொண்டது அந்தச் சொல்மாற்றத்தில்தான். கருத்து வேறுபாடு வேறு, பிளவு வேறு. அணையில் எத்தனை அடி தேக்கலாம் என்பதில் சித்திக்கும் அந்த முதலாளிக்கும் எப்போதுமே ஒத்துப்போனதில்லை. ஆனால் அவர் முதலாளி, கிறிஸ்தவர், விவசாயி, பேரன் பேத்தி எடுத்தவர், சர்க்கரை நோயாளி, இப்படிப் பல ஆட்களாக இருந்தார். டிசம்பரில் அவர் ஒரே ஒரு ஆள் ஆனார். ஒரு மனிதரின் மற்ற அடையாளங்கள் எல்லாம் உதிர்ந்து, எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சுவதுதான் பிளவு.

இதை அளக்க அமெரிக்காவில் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். நம்மூர் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும் கேள்வி, கொள்வினை கொடுப்பினைதான். உங்கள் பிள்ளை எதிர்க்கட்சி ஆதரவாளரைக் கட்டிக்கொண்டால் வருத்தப்படுவீர்களா? 1960இல் இதைக் கேட்டபோது இரண்டு கட்சியிலும் ஆம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரைத் தாண்டவில்லை. 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினர் ஆம் என்றார்கள். சாந்தோ ஐயங்கார் என்ற அரசியல் அறிஞரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் இந்தக் கணக்கை எடுத்துவைத்துச் சொன்னது, கொள்கையில் விலகியதைவிட வெறுப்பில் விலகியதுதான் அதிகம் என்று. கட்சி அங்கே சாதி மாதிரி ஆகிவிட்டது என்று நாம் படித்துக்கொள்ளலாம்.

சரி, எங்கள் மலைக்கு வருவோம். அணையின் கதையைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் முடியாது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவும் பிரிட்டிஷ் இந்திய அரசும் 999 வருஷக் குத்தகை எழுதிக்கொண்டார்கள். பென்னிகுக் கட்டி 1895இல் முடித்தார். மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை அது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கு அந்தத் தண்ணீர்தான். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல். எங்கள் பக்கத்து வீடுகளில் சாமி படத்தோடு பென்னிகுக் படமும் மாட்டியிருக்கும்.

1979இல் அணை பலவீனமாக இருக்கிறது என்ற பயம் கேரளத்தில் எழுந்தது. பலப்படுத்தும் வேலைக்காக நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். வேலை முடிந்ததும் ஏற்ற வேண்டும் என்றது தமிழ்நாடு, கூடாது என்றது கேரளம். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடிதான் என்று சட்டத் திருத்தம் போட்டது. வழக்கு மறுபடி நீதிமன்றம் போனது. 2011இல் இடுக்கிப் பக்கம் சின்னச் சின்ன நில அதிர்வுகள் வந்தன. பயம் உண்மையான பயம்தான், அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நூற்றுப் பதினாறு வயது அணைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவனிடம் நிபுணர் அறிக்கையை நீட்டித் தூங்கு என்றால் தூக்கம் வராது.

ஆனால் அந்த அணைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர் யார்? அணை உடைந்தால் தண்ணீர் முதலில் புகும் ஊர்களில் ஒன்று வண்டிப்பெரியாறு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர் அது, அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். கம்பத்திலும் கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் அவர்களுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு, சம்பந்திகள் உண்டு. ஆக ஒரே குடும்பத்தில் மலைக்குக் கிழக்கே இருப்பவருக்கு அந்தத் தண்ணீர் வேண்டும், மேற்கே இருப்பவருக்கு அதே தண்ணீரைக் கண்டு பயம். இது தமிழன், மலையாளி என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாத விஷயம். தொலைக்காட்சியிலும் மேடையிலும் அந்தக் கோட்டைத்தான் போட்டார்கள். வண்டிப்பெரியாற்றுத் தமிழரின் பயத்தைப் பேச இரண்டு பக்கமும் ஆள் இல்லை. கேரளத்தில் பேசினால் அவர் தமிழர், தமிழ்நாட்டில் பேசினால் அவர் கேரளத்துக்கு வேலை செய்கிறவர்.

எங்கள் ஊர் சலூன்களில் "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த டிசம்பரில் பலகை தொங்கிய கடையிலேயே அணைப் பேச்சுத்தான் நாள் முழுக்க ஓடியது. கடைக்காரரும் தடுக்கவில்லை. ஏனென்றால் அது அரசியல் என்றே யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் ஒரே பக்கம் நின்றுவிட்டால், பேசுவது அரசியலாகத் தெரியாது, உண்மையாகத்தான் தெரியும்.

அந்த நேரத்தில் தன் பக்கத்துக்காரனே கொஞ்சம் நிதானமாகப் பேசிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் கே.பி. தண்டபாணி உயர் நீதிமன்றத்தில், முல்லைப்பெரியாறு உடைந்தாலும் வரும் தண்ணீரை இடுக்கி அணைகள் தாங்கும் என்ற பொருளில் சொன்னார். அவ்வளவுதான். அவரை நீக்கு என்று கூச்சல் கிளம்பியது. அவர் சொன்னது சரியா தவறா என்று பார்க்கப் பொறுமை யாருக்கும் இல்லை. யாருக்குச் சாதகம் என்று மட்டும் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் ஒருவர் எழுந்து, கேரளத்து மக்களின் பயத்தையும் கொஞ்சம் கேட்போமே என்று சொல்லியிருந்தால் இங்கே மட்டும் மாலை போட்டிருப்பார்களா என்ன?

இதில் கட்சிகளுக்கு என்ன லாபம்? அப்போது கேரளத்தில் உம்மன் சாண்டி ஆட்சி, தேர்தலில் 140 இடங்களில் 72 ஜெயித்து வந்தது. எதிர்த்தரப்பு இடதுசாரிகளுக்கு 68. அக்டோபர் கடைசியில் அமைச்சர் டி.எம். ஜேக்கப் இறந்து பிறவம் தொகுதி காலியாக இருந்தது. ஒவ்வோர் இடமும் ஆட்சியின் உயிர்நாடி என்ற நிலைமையில், பிறவமோ எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரியாறு கடலை நோக்கிப் போகிற அதே மாவட்டத்தில். எந்தக் கட்சி நிதானம் பேசும்? இரண்டு முன்னணியும் யார் அதிகம் பதறுகிறோம் என்று போட்டி போட்டன. தமிழ்நாட்டிலும் இதே கதை, ஜெயலலிதாவும் கருணாநிதியும் எதிலும் சேராதவர்கள், இதில் ஒரே குரல். உள்ளூர்ப் பிளவை மூட வெளியூர்ப் பிளவைப் போல வசதியானது வேறில்லை. 1956இல் மொழிவாரியாகக் கோடு போட்டபோது கன்னியாகுமரிப் பக்கம் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்தப் பழைய காயத்தையும் கிளறி, அவற்றைத் திருப்பித் தா என்ற கோஷம் மறுபடி எழுந்தது. கோஷம் போட்ட பையன்களில் பலருக்கு 1956 என்பது தாத்தா காலம்.

இன்னொரு பிசகும் நடந்தது. கேரளம் அதிகாரப்பூர்வமாகச் சொல்லி வந்தது, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு, அதற்குப் புது அணை என்று. புது அணை வந்தால் 1886 ஒப்பந்தம் செத்துவிடும் என்பது தமிழ்நாட்டின் சந்தேகம். இரண்டிலும் பேசுவதற்கு இடம் இருக்கிறது. தெருவுக்கு வரும்போது அது, "மலையாளி தண்ணியக் கடல்ல விட்டாலும் விடுவான், நமக்குத் தரமாட்டான்" என்று ஆகியிருந்தது. மேலே, "நாம செத்தாலும் பாண்டிக்குக் கவலையில்லை" என்று. எதிர்த்தரப்பில் உள்ள முரடர்களின் எண்ணிக்கையை நாம் மனசுக்குள் பெருக்கிக்கொள்கிறோம். அமெரிக்காவில் 2019இல் இதையும் ஒரு ஆய்வில் எண்ணிப் பார்த்தார்கள். எதிர்க்கட்சியில் தீவிரக் கருத்துள்ளவர்கள் பாதிக்கு மேல் என்று ஆட்கள் நினைத்தார்கள், உண்மையில் இருந்தது ஏறக்குறைய முப்பது சதவீதம்.

இப்போது எனக்கு நீண்ட நாள் உறுத்திய கேள்வி. பழகினால் பகை குறையும் என்பார்கள். எங்கள் ஊர் ஆட்களைவிடப் பழகியவர்கள் யார்? முப்பது வருஷம் தினமும் போய் வந்த பழக்கம் ஒரு வாரத்தில் ஏன் கரைந்தது?

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். வெறும் பழக்கம் போதாது, இரண்டு பேரும் சமமாக நின்று பழக வேண்டும், ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும் என்றார். சித்தியும் முதலாளியும் எங்கே சமம்? ஒருவர் கூலி கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர். அன்பு இருந்தது, சமம் இல்லை. முன்பணம் கொடுத்த கை பிரியமான கைதான், ஆனாலும் அது மேலே இருந்த கை.

கேரளத்தை வைத்தே இன்னொரு ஆய்வும் இருக்கிறது. அசுதோஷ் வர்ஷ்னே என்ற அரசியல் அறிஞர் கோழிக்கோட்டையும் உத்தரப் பிரதேசத்து அலிகாரையும் ஒப்பிட்டார். இரண்டு ஊரிலும் முஸ்லிம்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அலிகாரில் கலவரம் அடிக்கடி, கோழிக்கோட்டில் இல்லை. இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து உறுப்பினராக இருக்கும் வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை, மன்றம் இவை கோழிக்கோட்டில் நிறைய என்பதை அவர் காரணமாகக் காட்டினார். வதந்தி கிளம்பினால் சங்கத்து ஆள் சங்கத்து ஆளுக்குப் போன் போட்டு விசாரிப்பார், மறுநாளும் அதே கூட்டத்தில் முகம் பார்க்க வேண்டும் அல்லவா. கிராமத்தில் முகப்பழக்கமே போதலாம், பெரிய ஊருக்கு அமைப்பு வேண்டும் என்பது அவர் வாதம். எங்கள் மலையடிவாரம் கிராமம் மாதிரித் தெரிந்தாலும், தொலைக்காட்சியும் செல்போனும் வந்த பிறகு அது பெரிய ஊர்தான் என்பேன்.

அமைப்பு என்றால் எல்லா அமைப்பும் அல்ல. மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், அதிலும் பெரும்பாலும் தலித் பெண்கள், ஆயிரக்கணக்கில் வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். இருபது சதவீதமாக இருந்த போனஸைப் பத்தாகக் குறைத்திருந்தார்கள். அங்கே சங்கங்களுக்குக் குறைச்சலில்லை, ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு என்று கட்சிக்கு ஒன்று. தலைமுறைகளாக லயத்து வீடுகளில் அடுத்தடுத்த வாசல்காரிகள் வேறு வேறு சங்கம். ஆனால் அந்தப் பெண்கள் நிர்வாகத்தோடு சேர்த்துச் சங்கத் தலைவர்களையும் எதிர்த்தார்கள். ஆறுதல் சொல்ல வந்த அரசியல்வாதிகளை விரட்டினார்கள், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன் ஒருவரைத்தான் தங்களோடு உட்காரவிட்டார்கள். "பெம்பிளை ஒருமை" என்று பெயர் வந்தது. ஒன்பது நாளில் இருபது சதவீதமும் கிடைத்தது, போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 என்று கணக்குப் பண்ணிக் கொடுத்தார்கள்.

கட்சிச் சாயம் போட்ட பிரிவினை அன்றாட வயிற்றுப்பாட்டுக்கு முன் எவ்வளவு மெல்லியது என்று அந்த ஒன்பது நாள் காட்டியது. அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்கள் ஜெயித்தார்கள், அப்புறம் ஆளுக்கொரு பக்கமாக இழுபட்டு உடைந்தார்கள். மாதாமாதம் கூடுவதற்கு ஓர் இடம், கணக்கு எழுத ஒரு நோட்டு, தகராறு வந்தால் பேசித் தீர்க்க ஒரு முறை, இதெல்லாம் அமைவதற்குள் தேர்தல் வந்துவிட்டது.

ஏலக்காய் வியாபாரத்தில் அந்த முறை இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இந்தப் பக்கம் போடியிலும் அந்தப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. இடுக்கி விவசாயியின் காயைப் போடி வியாபாரி எடுப்பார். தரம், ஈரம், எடை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஒருவரை ஒருவர் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் ஊர் வியாபாரிகள் பேசுவதைக் கேட்டால் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றும்.

அதைவிட எனக்குப் பிடித்தது மங்கலதேவி கண்ணகி கோயில். எல்லை மலைமேல், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. யாருடையது என்பதில் இரண்டு மாநிலத்துக்கும் பழைய சண்டை, இன்னும் தீரவில்லை. வருஷத்தில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமிக்கு மட்டும் திறப்பார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதற்கு முன்னால் தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் ஒன்றாக உட்கார்கிறார்கள். எத்தனை மணிக்கு ஏற விடுவது, ஜீப் எங்கே நிற்பது, தண்ணீர் யார் வைப்பது, பிளாஸ்டிக்கை எங்கே பிடுங்குவது என்று பேசி முடிக்கிறார்கள். மேலே தமிழிலும் பூசை, மலையாளத்திலும் பூசை. கோயில் யாருடையது என்ற கேள்வியை யாரும் அன்றைக்கு எடுப்பதில்லை. கேள்வி செத்துவிடவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. நாட்டை இணைப்பது என்றால் எல்லாரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது என்று நினைக்கிறவர்களை அந்த ஜீப்பில் ஒரு தடவை ஏற்றிவிடலாம் என்று தோன்றும். ரோடு மோசம், குலுங்கும்.

அணைக்கும் கடைசியில் வந்தது இப்படி ஒரு ஏற்பாடுதான். 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளத்தின் சட்டத்தை ரத்து செய்து, 142 அடியை உறுதி செய்தது. கூடவே ஒரு கண்காணிப்புக் குழுவைப் போட்டது: மத்திய நீர்வள ஆணையத்திலிருந்து ஒருவர், மாநிலத்துக்கு ஒருவர். கேரளத்தில் யாரும் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடவில்லை. பயமும் போகவில்லை. 2018 வெள்ளத்தின்போது தமிழ்நாடு திடீரென்று திறந்துவிட்டது என்று கேரளம் குற்றம் சாட்டியது, ஆகஸ்ட் முடியும்வரை 139.99 அடிக்கு மேல் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. 2021இல் அணையை மூடு என்று சமூக வலைதளங்களில் பெரிய இயக்கமே நடந்தது. 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு மறுபடி. வலைதளத்தில் 2011ஐவிடப் பத்து மடங்கு வசவு ஓடியது. ஆனால் குமுளியில் 2011 திரும்பவில்லை. கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது, எழுதிப்போட ஒரு குழு இருக்கிறது என்பது அதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்று, அந்தச் சீசனில் காய் பறிக்க ஆளில்லாமல் நின்றதையும், கூலியில்லாமல் வீட்டில் கிடந்ததையும் இரண்டு பக்கமும் மறக்கவில்லை.

சித்திக்கு இப்போது முழங்கால் வலி, மலையேறுவதில்லை. அவர் மகள் போகிறாள். வயநாடு சமயத்தில் தோட்டத்தில் அணைப் பேச்சு வந்ததா என்று அவளிடம் கேட்டேன்.

"வராம இருக்குமாண்ணே? சூப்பர்வைசரு ஒண்ணு சொன்னாரு, நாங்க ஒண்ணு சொன்னோம். அவருக்கும் கோவம், எங்களுக்கும் கோவம். அப்புறம் காய் எடை போடற நேரமாயிருச்சு."

கண்காணிப்புக் குழுவுக்குக் கீழே ஒரு துணைக்குழு உண்டு, இரண்டு மாநிலத்துப் பொறியாளர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் ஆய்வுக்குப் போகும் செய்தி வந்தால் நான் விடாமல் படிப்பேன். தேக்கடியிலிருந்து அணைக்குப் படகில்தான் போக வேண்டும். தமிழ்நாட்டு அதிகாரிகள் தமிழ்நாட்டுப் படகில், கேரளத்து அதிகாரிகள் கேரளப் படகில் என்று போன நாட்கள் உண்டு. ஒரே ஏரி, ஒரே திசை, இரண்டு படகு. முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் அணையில் இறங்கியதும் இரண்டு தரப்பும் ஒரே மதகைப் பார்க்கிறார்கள், ஒரே கசிவுநீரை அளக்கிறார்கள். பிறகு குமுளி ஒன்றாம் மைலில் உள்ள அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பெரும்பாலும் எதிலும் உடன்படுவதில்லை. நீர்மட்டம் எத்தனை அடி என்பதில் மட்டும் சண்டை கிடையாது. மறுநாள் காலை தேனிப் பதிப்பில் அந்த எண் வந்துவிடும்.